4 எம்பி ஃபிளாஷ் உள்ள பழைய ரவுட்டர்ல ஓப்பன்வர்ட்டை எப்படி அடக்குறது?

தட்டோன்_செல்வா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தட்டோன்ல எங்க கோயில் மண்டபத்துல சாயங்காலம் புள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்குது. ஆபீஸ் ரூம்ல ஃபைபர் லைன் இருக்கு, ஆனா அந்த வைஃபை மண்டபம் வரைக்கும் எட்டல. ரங்கூன்ல ஒரு ஆபீஸ் காலி பண்ணப்ப குப்பைக்குப் போக இருந்த ரவுட்டர்களை மாமா வாங்கி அனுப்பியிருக்காரு, டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் வி9 மூணு, யூஎஸ்பி உள்ள எம்ஆர்3420 வி2 ஒண்ணு. நாலுமே 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம்.

ஒரு 841ல ஓப்பன்வர்ட் (ரவுட்டருக்கான லினக்ஸ்) 19.07 போட்டேன், வெப் பேஜ் எல்லாம் வந்துச்சு. அப்புறம் ஒரு பேக்கேஜ் போடலாம்னா இடமே இல்லங்குது. சரின்னு இடம் வரட்டும்னு அந்த வெப் பேஜைக் காட்டுற லூசியை, ஓபிகேஜிங்குற பேக்கேஜ் கமாண்டை வச்சு ரிமூவ் பண்ணினேன், அப்பவும் இடம் கூடவே இல்ல, இது ஏன்னு புரியல. இன்னொண்ணு, வகுப்புல எல்லாப் புள்ளைங்களும் போன் கனெக்ட் பண்ணினா கொஞ்ச நேரத்துல வைஃபை விழுந்துடுது, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாதான் திரும்ப வருது.

புது வெர்ஷன் போடணும்னு ஆசை, ஆனா இந்த மாடலுக்கு ரெடிமேட் இமேஜ் கிடைக்கல. நாமளே சின்னதா ஃபர்ம்வேர் பில்ட் பண்ணிக்கலாம்னு சொல்றாங்களே, அதை எங்கேருந்து ஆரம்பிக்கிறது? லினக்ஸ் கமாண்ட் ஓரளவு தெரியும், லேப்டாப்ல டெபியன் இருக்கு. புது ரவுட்டர் வாங்க கோயில் கமிட்டி கிட்ட இப்ப காசு கேக்க முடியாது.

---

ரங்கூன்_மணி எழுதியது:

செல்வா தம்பி, முதல்ல அந்த இடம் கூடாத விஷயத்தைச் சொல்லிடுறேன், அது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும்.

ஃபிளாஷ்ல மொத்தம் 4096 கேபி. அதுல முதல் 128 கேபி ரவுட்டரை பூட் பண்ணி விடுற யூ-பூட், கடைசி 64 கேபி ஆர்ட் பார்ட்டிஷன், அதுலதான் உன் ரவுட்டரோட வைஃபை ரேடியோவுக்கு ஃபேக்டரியில அளந்து எழுதின காலிபிரேஷன் இருக்கு, அதைத் தொடவே கூடாது. மிச்சம் 3904 கேபி. இதுக்குள்ளதான் கெர்னல், ரூட் ஃபைல் சிஸ்டம், நீ மாத்துற செட்டிங் எல்லாமே அடங்கணும். ரூட் ஃபைல் சிஸ்டம் ஸ்குவாஷ்எஃப்எஸ், எக்ஸ்இசட்ல நல்லா அழுத்தி எழுதினது, படிக்க மட்டும்தான் முடியும், ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. அதுக்கு மேல மிஞ்சின இடத்துல ஜேஎஃப்எஃப்எஸ்2னு எழுதக்கூடிய ஒரு அடுக்கு, அதைத்தான் ஓவர்லேங்குறோம். நீ லூசியை ரிமூவ் பண்ணினப்ப கீழ ஸ்குவாஷ்எஃப்எஸ்ல இருக்குற ஃபைல் அப்படியே இருக்கு, "இந்த ஃபைல் இல்லைன்னு வச்சுக்கோ"ன்னு மேல் அடுக்குல ஒரு குறிப்பு மட்டும் எழுதுது, அந்தக் குறிப்புக்கும் இடம் வேணும். அதனால இமேஜோட வந்த எதை அழிச்சாலும் இடம் வராது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். இன்னும் ஒண்ணு, ஒரே பேக்கேஜ் ஸ்குவாஷ்எஃப்எஸ்க்குள்ள இருந்தா எடுக்குற இடம் கம்மி, அதையே பிறகு ஓபிகேஜில போட்டா ஜேஎஃப்எஃப்எஸ்2ல அதிக இடம் எடுக்கும். எது வேணும் எது வேணாங்குறதை இமேஜ் செய்யுறப்பவே முடிவு பண்ணிடணும், ஃபிளாஷ் பண்ணின பிறகு செய்யுற வேலை இல்ல இது.

வெர்ஷன் கதை என்னன்னா, 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பொட்டிக்கெல்லாம் 19.07தான் கடைசி அதிகாரபூர்வ ரிலீஸ், அந்த வரிசையில கடைசியா 19.07.10 வந்தது 2022 ஏப்ரல்ல. 2021ல 21.02 வந்தப்ப குறைஞ்சது 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம் வேணும்னு சொல்லிட்டாங்க. வேணும்னே யாரும் கழட்டி விடல, கெர்னலே வருஷா வருஷம் பெருத்துக்கிட்டு வருது, 19.07ல 4.14 கெர்னல், 21.02ல 5.4, 22.03ல 5.10, ஒவ்வொரு தடவையும் அழுத்தின பிறகும் கொஞ்சம் கூடத்தான் செய்யுது.

இப்ப உன்னை ஒண்ணு கேக்கணும், இந்த ரவுட்டருக்கு நீ என்ன வேலை குடுக்கப் போற? நீ எழுதினதைப் பார்த்தா ஆபீஸ்ல இருக்குற ஃபைபர் பொட்டியே ரவுட்டர் வேலையைப் பார்க்குது, ஐபி குடுக்குது. மண்டபத்துல உனக்கு வேண்டியது வெறும் ஆக்சஸ் பாயிண்ட் (ஏபி), வைஃபையை மட்டும் பரப்புற பொட்டி. அப்படின்னா ஃபயர்வால் வேணாம், ஐபியும் டிஎன்எஸ்ஸும் குடுக்குற டிஎன்எஸ்மாஸ்க் வேணாம், பிபிபி வேணாம், ஐபிவி6 டிஹெச்சிபி சமாச்சாரம் எதுவும் வேணாம், வெப் பேஜும் வேணாம். வேண்டியது கெர்னல், வைஃபை டிரைவர், வைஃபையை நடத்துற ஹோஸ்ட்ஏபிடி, எஸ்எஸ்ஹெச்ல உள்ள நுழைய டிராப்பேர், அவ்வளவுதான். இப்படி வேலையைச் சுருக்கினா 4 எம்பி தாராளம். அதை விட்டுட்டு எல்லா வேலையும் வேணும், புது வெர்ஷனும் வேணும்னு உக்கார்ந்தா ராத்திரி முழுக்கக் கேபி எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கு, இதை நான் அழுத்தமாவே சொல்றேன். 19.07க்கு இனிமே செக்யூரிட்டி திருத்தம் வராது. அந்த 4.14 கெர்னலுக்கும் 2024 ஜனவரியோட ஆதரவு முடிஞ்சுபோச்சு. அதனால இந்தப் பொட்டியை நேரா இன்டர்நெட்டுக்கு முன்னால நிறுத்தாத. ஃபைபர் பொட்டிக்குப் பின்னால, உள் நெட்வொர்க்ல வெறும் ஏபியா இருக்கட்டும்.

---

பெகு_கலா எழுதியது:

மணி அண்ணே சொன்னது அத்தனையும் சரி, நான் செய்முறையைச் சொல்றேன். தம்பி நீ முதல்லயே சோர்ஸ்லேருந்து கம்பைல் பண்ண உக்காராத, அதுக்குப் பத்துப் பதினஞ்சு ஜிபி இடமும் நம்ம ஊரு நெட்ல ஏகப்பட்ட டவுன்லோடும் வேணும். 19.07.10க்கு ஏடிஹெச்79 டைனிங்குற டார்கெட்டோட (உன் ரவுட்டரோட சிப் வகை அது) இமேஜ்பில்டரை இறக்கு, பேக்கேஜ் எல்லாம் ஏற்கனவே கம்பைல் பண்ணினது, நீ சேர்த்து ஒட்டுறது மட்டும்தான். ஃபோல்டருக்குள்ள போயி மேக் இன்ஃபோன்னு அடிச்சா புரொஃபைல் பேரு வரும், அதுல உன் 841 வி9 இருக்கும். பிறகு மேக் இமேஜ் கமாண்ட்ல அந்தப் புரொஃபைல் பேரு, பேக்கேஜஸ்ங்குற இடத்துல வேணாம்னா பேருக்கு முன்னால ஒரு மைனஸ், வேணும்னா சும்மா பேரு. லூசி இதுல தானா வராது, அதிகாரபூர்வ ரிலீஸ் இமேஜ்லதான் அதைச் சேர்த்து வைக்கிறாங்க, அதனால அதை எடுக்கணும்னு தேட வேணாம்.

எடுக்க வேண்டியது பிபிபி, பிபிபி-மாட்-பிபிபிஓஇ, டிஎன்எஸ்மாஸ்க், ஓடிஹெச்சிபி6சி, ஓடிஹெச்சிபிடி-ஐபிவி6ஒன்லி, ஃபயர்வால், ஐபிடேபிள்ஸ், ஐபி6டேபிள்ஸ், ஓபிகேஜியும்தான், பிறகு எதையும் இன்ஸ்டால் பண்ணப் போறதில்லையே. டபிள்யூபேட்-பேசிக் இருந்தா (ஹோஸ்ட்ஏபிடி அதுக்குள்ளதான் இருக்கு) எடுத்துட்டு டபிள்யூபேட்-மினி போடு, டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டுக்கு அது போதும். டபிள்யூபிஏ3 மேல ஆசைப்படாத, அதுக்கு வேற கிரிப்டோ லைப்ரரி வேணும், அது வந்தா மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும்.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர் செஞ்சு அதுக்குள்ள ஈடிசி, கான்ஃபிக்னு ரவுட்டர்ல இருக்குற அதே அமைப்புல நெட்வொர்க், வயர்லெஸ், சிஸ்டம் ஃபைலை வச்சு மேக் இமேஜ்ல அந்த ஃபோல்டரைக் காட்டிட்டா உன் செட்டிங் எல்லாம் ஸ்குவாஷ்எஃப்எஸ்க்குள்ளயே போயிடும். வைஃபை பேரு, பாஸ்வேர்டு, சேனல், கன்ட்ரி கோடு, லேன் ஐபி எல்லாமே இமேஜோட பிறக்குது. இதுல லாபம் இடம் மட்டும் இல்ல, நம்ம ஊருல கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போயி வருதுன்னு உனக்கே தெரியும், ஒவ்வொரு தடவை வந்தப்புறமும் ரவுட்டர் ஆள் இல்லாமலே எழுந்து அதே வேலையைப் பார்க்கணும். எழுதவே முடியாத இமேஜ்ல செட்டிங் இருந்தா எப்ப பூட் ஆனாலும் அதே நிலைமைதான், யாராவது ரீசெட் பட்டனை அமுக்கிட்டாலும் திரும்பி வர்றது உன் செட்டிங்தான், தொழிற்சாலை செட்டிங் இல்ல. வாத்தியாரம்மா கிட்ட "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு தைரியமாச் சொல்லலாம்.

இமேஜ் ரொம்ப நெருக்கமாப் போயி ஓவர்லேக்கு இடமே இல்லாம ஆனாலும் பயப்பட வேணாம். ஜேஎஃப்எஃப்எஸ்2க்கு குறைஞ்சது அஞ்சு இரேஸ் பிளாக் (ஃபிளாஷை ஒரு தடவையில அழிக்கிற துண்டு) வேணும், 64 கேபி பிளாக்னா 320 கேபி ஆச்சு, டைனி டார்கெட்ல 4 கேபி செக்டர் பயன்படுத்துறதால அதைவிட ரொம்பக் கம்மியிலயே அது நிக்கும். அதுவும் இல்லன்னா ஓவர்லே ரேம்லயே போயிடும், நீ மாத்துறது ரீபூட்ல மறைஞ்சுடும், ஆனா இமேஜ்ல வச்சது மறையாது. அந்த மாதிரி நேரத்துல ஒண்ணு மட்டும் கவனிக்கணும், டிராப்பேர் ஒவ்வொரு பூட்டுக்கும் புதுசா ஹோஸ்ட் கீ செய்யும், எஸ்எஸ்ஹெச் பண்றப்ப ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வரும். அந்தக் கீயையும் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல வச்சுடு, ஆனா அப்படி வச்ச இமேஜை வேற யாருக்கும் குடுக்காத, உன் பிரைவேட் கீ உள்ள இருக்கு.

வயர்லெஸ் ஃபைலை நீயா எழுதாத. ஓடுற ரவுட்டர்லேருந்து காப்பி எடு, அதுல ரேடியோ பாத்னு ஒரு வரி இருக்கும், அது பழைய ஏஆர்71எக்ஸ்எக்ஸ் டார்கெட்டுல ஒரு மாதிரி, ஏடிஹெச்79ல வேற மாதிரி. மாத்தி வச்சா வைஃபை எழுந்திருக்காது.

---

தட்டோன்_செல்வா எழுதியது:

மணி அண்ணே, கலாக்கா ரொம்ப நன்றி, நீங்க சொன்ன மாதிரியே இமேஜ்பில்டர்ல செஞ்சேன், இமேஜ் வந்துச்சு, ஒரு 841ல போட்டேன், மண்டபத்துல இப்ப வைஃபை எடுக்குது! ஃபைபர் பொட்டியிலேருந்து வர்ற கேபிளை வான் போர்ட்ல குத்தாம லேன் போர்ட்ல குத்தணும்னு புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. ஐபி 192.168.1.2னு இமேஜ்லயே வச்சுட்டேன்.

ஆனா எல்லாப் புள்ளைங்களும் சேர்ந்து வந்தா இன்னும் திணறுது, முன்ன மாதிரி செத்துப் போகல, ஆனா மெமரி ரொம்பக் கம்மியாக் காட்டுது. இசட்ரேம் ஸ்வாப் (ரேம்ல இருக்குறதையே அழுத்தி வச்சு இடம் பண்றது) போட்டா சரியாகும்னு எங்கயோ பார்த்து அதைச் சேர்த்தேன், இன்ஸ்டால் ஆச்சு, ஆனா ஸ்வாப் சைபர்னே காட்டுது. அப்புறம் ஆசை விடல, 22.03 சோர்ஸ் இறக்கிக் கம்பைல் பண்ணினேன், கடைசியில "டூ பிக்"னு சொல்லிட்டு இமேஜ் ஃபைலே வரல.

---

ரங்கூன்_மணி எழுதியது:

நல்லது தம்பி, சந்தோஷம்.

இசட்ரேம் விஷயம்: ஃபிளாஷ் கம்மியான டார்கெட்டுக்குக் கெர்னல்ல ஸ்வாப் ஆதரவையே எடுத்துட்டுத்தான் கம்பைல் பண்றாங்க, இடம் மிச்சம் பிடிக்க. அதனால மாட்யூல் இருந்தும் ஸ்வாப் ஆன் ஆகாது. இமேஜ்பில்டர்ல கெர்னலைத் தொட முடியாது, அடிப்படைக் கமாண்ட் எல்லாம் அடங்கின பிஸிபாக்ஸையும் தொட முடியாது. அதுக்கு சோர்ஸ் பில்ட்தான் வழி, மெனுகான்ஃபிக்ல குளோபல் பில்ட் செட்டிங்ஸ்குள்ள கெர்னல் பில்ட் ஆப்ஷன்ஸ்னு இருக்கும், அங்க ஸ்வாப்பை ஆன் பண்ணணும். அதே இடத்துலதான் நீ தேடுற மிச்ச இடமும் ஒளிஞ்சிருக்கு. பிழை தேட மட்டும் உதவுறதை எல்லாம் எடுத்துடு, டீபக்எஃப்எஸ் ஆஃப், கால்சிம்ஸ் ஆஃப், கிராஷ் லாக் ஆஃப், டீபக் இன்ஃபோ ஆஃப். குளோபல் செட்டிங்ஸ்லயே ஐபிவி6 சப்போர்ட்டை எடுத்துட்டா நிறைய பேக்கேஜ் ஒரே நேரத்துல மெலியும். ஸ்ட்ரிப் கெர்னல் எக்ஸ்போர்ட்ஸ்னு ஒண்ணு, லைப்ரரியில தேவையில்லாத ஃபங்ஷனை வெட்டுற எம்கேலிப்ஸ்னு ஒண்ணு, ரெண்டும் நல்லா இடம் குடுக்கும். ஆனா அதை ஆன் பண்ணிட்டா அந்த இமேஜ் அதோட முடிஞ்சுது, பிறகு வெளியிலேருந்து எந்தக் கெர்னல் மாட்யூலும் அதுல ஒட்டாது. உனக்கு அது கவலை இல்ல, எப்படியும் புதுசாச் சேர்க்கணும்னா இமேஜையே திரும்பச் செய்யத்தான் போற.

டூ பிக்னு வந்த வரியை நல்லாப் பாரு, 3997696ங்குற எண்ணு இருக்கும், அதுதான் 3904 கேபி, பைட் கணக்குல. அதுக்கு முன்னால உன் இமேஜ் சைஸ் இருக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வச்சுக்கிட்டு வெட்ட ஆரம்பி. 841 வி9ஓட பேரு சோர்ஸ்ல இன்னும் இருக்கு, அதனாலதான் உன்னால கம்பைல் பண்ண முடிஞ்சுது. எது இடத்தைத் தின்னுதுன்னு தெரிஞ்சுக்க ஐபிகே (பேக்கேஜ்) ஃபைல் சைஸைப் பெருசுலேருந்து சின்னதா வரிசைப்படுத்திப் பாரு, அது ஏற்கனவே அழுத்தினதுங்குறதால ஸ்குவாஷ்எஃப்எஸ்ல எவ்வளவு வரும்னு ஓரளவு காட்டும். 22.03லேருந்து ஃபயர்வால் என்எஃப்டேபிள்ஸுக்கு மாறிடுச்சு, அது கனம். ஏபிக்கு அது வேணாம்னு எடுத்துட்டா பெரிய சுமை ஒண்ணு இறங்கும்.

ஸ்குவாஷ்எஃப்எஸ் பிளாக் சைஸ்னு ஒண்ணு இருக்கு, அதை 1024 கேபியா வச்சா இமேஜ் இன்னும் சுருங்கும். ஆனா ஒரு சின்ன ஃபைலைப் படிக்கக்கூட ஒரு எம்பியை ரேம்ல விரிக்கணும், 32 எம்பி ரேம்ல அது உன்னைத் திருப்பி அடிக்கும். நான் அதைத் தொட மாட்டேன். இங்க ஃபிளாஷ்ல மிச்சம் பிடிக்கிறது ஒவ்வொண்ணும் ரேம்ல என்ன கேக்குதுன்னு சேர்த்தே பார்க்கணும், உன் வகுப்புல வைஃபை விழுந்ததுக்குக் காரணம் ஃபிளாஷ் இல்ல, ரேம் தீர்ந்து கெர்னல் ஏதோ ஒரு புராசஸைக் கொன்னிருக்கும், அது ஹோஸ்ட்ஏபிடியா இருந்தா வைஃபை போச்சு. லாக்ரீட் அடிச்சா அவுட் ஆஃப் மெமரின்னு வரி கிடைக்கும். உங்கிட்ட மூணு 841 இருக்கே, மண்டபத்தோட ரெண்டு மூலையிலயும் ஒவ்வொண்ணு வை, ஒண்ணு சேனல் 1, இன்னொண்ணு 11, பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணே. போன் எல்லாம் பாதிப் பாதியாப் பிரியும். இசட்ரேமை விட இது நல்ல மருந்து.

---

மோல்மேன்_இஸ்மாயில் எழுதியது:

அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் சாஃப்ட்வேர் பக்கம் எல்லாம் சொல்லிட்டீங்க, நான் செல்போன் ரிப்பேர் கடைக்காரன், ஹார்டுவேர் பக்கம் சொல்றேன்.

செல்வா, ஃபிளாஷ் பண்றப்ப கரண்ட் போனா என்ன ஆகும்னு கேக்காமலே செஞ்சுட்ட. புது இமேஜை எழுதுற சிஸ்அப்கிரேட் கமாண்ட் யூ-பூட்டைத் தொடாது, அதனால நடுவுல போனாலும் பொட்டி சாகாது. கம்ப்யூட்டர்ல ஐபி 192.168.0.66 வச்சு டிஎஃப்டிபி (ஃபைல் அனுப்புற) சர்வர் போட்டு, ரீசெட் பட்டனை அமுக்கிக்கிட்டே ரவுட்டரை ஆன் பண்ணினா வி9 தானா வந்து ரெக்கவரி ஃபைலைக் கேக்கும், ஃபேக்டரி இமேஜை அந்தப் பேருல வச்சிருந்தா எடுத்துக்கும். ஆனாலும் கரண்டை நம்பி வேலை செய்யாத. இந்த ரவுட்டருக்கு 9 வோல்ட் 0.6 ஆம்பியர் போதும், வீட்டு 12 வோல்ட் பேட்டரியிலேருந்து ஒரு ஸ்டெப்-டவுன் போர்டு வச்சு 9க்கு இறக்கிக் குடு. வகுப்பு நேரத்துலயும் அதே செட்டப் ஓடும், கரண்ட் போனாலும் மண்டபத்துல நெட் நிக்காது, ஃபைபர் பொட்டிக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சுடு. சிஸ்அப்கிரேட்டுக்கு முன்னால வைஃபையை டவுன் பண்ணிடு, இமேஜ் முதல்ல ரேம்லதான் உக்காரும்.

சிப் மாத்துற விஷயம் பத்தியும் சொல்லிடுறேன். உள்ள எட்டுக் கால் சின்ன சிப், அதுல 25க்யூ32ன்னு எழுதியிருக்கும், அந்த 32 மெகாபிட், எட்டால வகுத்தா 4 எம்பி. 25க்யூ64 போட்டா 8 எம்பி, 128 போட்டா 16. சிப் விலை பெருசு இல்ல. சிஹெச்341ஏ புரோகிராமர்ல பழைய சிப்பை ரெண்டு தடவை படிச்சு ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருக்கான்னு எம்டி5 பார்த்துட்டுத்தான் மேல போகணும். அந்தக் கறுப்புக் கலர் புரோகிராமர்ல சிலது டேட்டா லைன்ல 5 வோல்ட் விடும், 3.3 வோல்ட் சிப்புக்கு அது ஆகாது, மீட்டர் வச்சுப் பாரு. 8 எம்பிக்கு மாத்தினா ஆர்ட்டைப் புது சிப்போட கடைசி 64 கேபிக்கு நகர்த்தணும், சோர்ஸ்ல போர்டு விவரம் எழுதியிருக்குற டிடிஎஸ் ஃபைல்லயும் பார்ட்டிஷன் அளவை மாத்தணும், ஃபர்ம்வேர் இடம் 8000 கேபியா வரும். வெறும் சிப்பை மாத்தினா மட்டும் இடம் தெரியாது.

---

பெகு_கலா எழுதியது:

இஸ்மாயில் பாய், சிப் மாத்துறது உங்க கைக்குச் சுளுவு, தம்பிக்கு வேணாம்னுதான் நான் சொல்வேன். சிப் மாத்தினாலும் ரேம் அதே 32தானே, அவனோட பிரச்சினை அங்கதானே இருக்கு. சூடு ஏத்தி ஒரு போர்டு போனா ஒரு ஏபி போச்சு. காசு வர்றப்ப 16 எம்பி ஃபிளாஷ் 128 எம்பி ரேம் உள்ள பழைய பொட்டி ஒண்ணு வாங்கினா அது இன்னும் பல வருஷம் ஓடும்.

எம்ஆர்3420ல யூஎஸ்பி இருக்கேன்னு எக்ஸ்ட்ரூட் (ஓவர்லேயை பென் டிரைவுக்கு மாத்துறது) போடவும் அவசரப்படாத தம்பி. பென் டிரைவ்ல ஓவர்லே போட பிளாக்-மவுண்ட், யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல், எக்ஸ்ட்4 மாட்யூல் மூணும் முதல்ல அந்த 4 எம்பிக்குள்ள இருக்கணும். ஏபியா மட்டும் வச்சா அதுக்கெல்லாம் இடம் கிடைக்கும், ஆனா ரேம் அங்கயும் 32தான். என்னைக் கேட்டா அதுல வேற வேலை குடு, பென் டிரைவ்ல வகுப்புப் பாடம் பிடிஎஃப், ஆடியோ எல்லாம் போட்டு யூஹெச்டிடிபிடிங்குற சின்ன வெப் சர்வர் வச்சு மண்டபத்துக்குள்ளயே குடு. பாடத்தை இங்கேருந்தே இறக்கிக்கிட்டா அத்தனை போனும் ஃபைபர் லைனை இழுக்க வேணாம், லைன் படுத்த அன்னிக்கும் வகுப்பு நடக்கும்.

---

தட்டோன்_செல்வா எழுதியது:

கலாக்கா பாட ஐடியா வாத்தியாரம்மாவுக்குச் சொன்னேன், அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம், பழைய பாடப் புத்தகமெல்லாம் ஸ்கேன் பண்ணித் தர்றேன்னுட்டாங்க. 22.03ம் இப்ப 3904க்குள்ள வந்துடுச்சு, ஐபிவி6, கால்சிம்ஸ், ஃபயர்வால் எடுத்ததும் பொசுக்குன்னு இறங்குச்சு, ஸ்வாப்பும் ஓடுது. மிச்ச ரெண்டு 841க்கும் அதையே போடலாமா? ஒண்ணுலேருந்து முழு ஃபிளாஷையும் டம்ப் எடுத்து அதையே மத்த ரெண்டுலயும் எழுதிட்டா சீக்கிரம் முடியுமே?

---

மோல்மேன்_இஸ்மாயில் எழுதியது:

முழு டம்பை எழுதாத தம்பி! மேக் அட்ரஸ் யூ-பூட் பகுதியோட கடைசியில இருக்கு, வைஃபை காலிபிரேஷன் ஆர்ட்ல இருக்கு. ஒண்ணோட டம்பை மூணுலயும் எழுதினா மூணுக்கும் ஒரே மேக் வந்து நெட்வொர்க்ல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், வேற போர்டோட காலிபிரேஷன்ல ரேடியோவும் சரியா எடுக்காது. சிஸ்அப்கிரேட் இமேஜை மட்டும் ஒவ்வொண்ணுலயும் போடு, லேன் ஐபியை 2, 3, 4ன்னு மாத்தி மூணு இமேஜாச் செஞ்சுக்கோ. போடுறதுக்கு முன்னால மூணு ரவுட்டர்லேருந்தும் யூ-பூட், ஆர்ட் ரெண்டையும் தனித்தனியா எஸ்சிபில இழுத்து, அந்தந்த ரவுட்டர் அடியில ஒட்டியிருக்குற மேக் நம்பரையே ஃபைல் பேரா வச்சு லேப்டாப்லயும் ஒரு பென் டிரைவ்லயும் போட்டு வை.

மோல்மேன் பக்கம் வந்தா கடைக்கு வா, ஸ்டெப்-டவுன் போர்டு ரெண்டு இருக்கு, எடுத்துட்டுப் போ.